அரண்மனை வந்தாச்சு

“அரண்மனை வந்தாச்சு, எல்லாரும் எறங்குங்க!”

அடுப்பும் கட்டிலும் உள்ளேயே இருக்கும் பெரிய வேனின் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்பா அறிவித்தார். யாரும் அசையவில்லை.

“இங்க நானூறு படியாம்ப்பா,” என்றாள் மகள், மேல் கட்டிலில் படுத்து ஃபோனைப் பார்த்தபடி. “நீங்களே ஏறிட்டு வாங்க.”

“சரித்திரம் தெரியட்டும்னு உங்களைக் கூட்டிட்டு வந்தேன் பாரு, என்னைச் சொல்லணும்!”

“காலையிலேர்ந்து ரெண்டு கோட்டை பாத்தாச்சு, போதும்,” என்றாள் அம்மா, குட்டி அடுப்பைத் துடைத்துக்கொண்டே. “நீங்க ஓட்டுற ஓட்டுல என் இடுப்பே ஒடிஞ்சு போச்சு.”

“ரோடு அப்படி! நான் என்ன பண்றது?”

ஜன்னல் கண்ணாடியை யாரோ தட்டினார்கள். டை கட்டிய விற்பனையாளர்.

“சார், இந்த வேனை வாங்க ஒரு பார்ட்டி வந்திருக்காங்க. கொஞ்சம் எறங்குறீங்களா?”

மூவரும் அசடு வழிய, ஷோரூமின் பளபளப்பான தரையில் இறங்கி நின்றார்கள்.

“போன ஞாயித்துக்கிழமை கடலோரக் கோட்டை. இந்த வாரம் எங்க சார்?”

“அரண்மனை,” என்றார் அப்பா, தரையைப் பார்த்து.

விற்பனையாளர் குரலைத் தாழ்த்தினார்.

“அவங்க போனதும் வந்து ஏறிக்குங்க. ஆனா கொஞ்சம் மெதுவா ஓட்டுங்க சார். மேடத்துக்கு இடுப்பு வலிக்குதுல்ல?”