தீக்கடவுளின் பேத்தி

தீக்கடவுளின் வம்சத்தில் வந்தவள் அடுத்தவர் வீட்டுக்குள் கையை வீசிக்கொண்டு போய்விடுவாளா என்ன?

சுகிர்தா இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரையில், எண்ணெய்க் குடம் சுமந்த பெண் ஓர் ஓலைக் குடிசையின் முன் வந்து நின்றாள். வாசல் நிலையில் வலது உள்ளங்கையைப் பதித்தாள். இரண்டு நொடி. பிறகு உள்ளே போனாள்.

அடுத்த வீடு. மறுபடியும் நின்றாள்.

மணிகண்டராஜின் அப்பாவுக்குச் சிவகாசியில் காலண்டர் அச்சகம். அதன் மாடியில் மகன் கணினி விளையாட்டுக் கம்பெனி வைத்திருக்கிறான். ஏழு ராஜ்ஜியங்களும் நூறு போர்களும் கொண்ட இந்த விளையாட்டில் எண்ணெய்க்காரிக்குப் பெயர்கூடக் கிடையாது. தீக்கடவுளின் எட்டாம் தலைமுறைப் பேத்தி என்று ஒரே ஒரு வரி. வீரர்களின் விளக்குக்கு எண்ணெய் ஊற்றிவிட்டுப் போய்விடுவாள். வேறு யாரும் கேட்காததால் அவளை உருவாக்கும் வேலை சுகிர்தாவிடம் வந்தது.

மற்றவர்களாக இருந்தால் ஒரு வாளோ சாபமோ கொடுத்திருப்பார்கள். சுகிர்தா ஒரு தயக்கத்தைக் கொடுத்தாள். உடம்பில் நெருப்பு ஓடுகிறவள் அதை வாசலிலேயே இறக்கி வைத்துவிட்டுத்தானே கூரைக்குக் கீழே போகமுடியும்.

“ஏம்மா, வெளையாடிப் பாத்தவக அம்புட்டுப் பேரும் கோளாறுன்னுல்ல எழுதிருக்காக,” என்றான் மணிகண்டராஜ். “வாசலுக்கு வாசல் எதுக்கு நிக்கிறா? உள்ளங்கையில ரேகை வேற போடாம விட்டுருக்க.”

“சாமி பேத்தில்ல. கரண்டு இருக்கான்னு தொட்டுப் பாக்குறா,” என்றாள் பக்கத்து இருக்கை இசைவாணி.

எல்லோரும் சிரித்தார்கள். சுகிர்தாவும் சிரித்தாள்.

“சாயங்காலம் ரிலீசு. ஒண்ணு அந்த ரெண்டு செகண்டத் தூக்கு. இல்ல, அந்தப் பிள்ளையவே தூக்கிரு.”

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அம்மா. மகள் மறந்துவிட்டு வந்த சாப்பாட்டுத் தூக்குச்சட்டியோடு வந்திருந்தாள்.

வாசலில் நின்றாள். தூக்குச்சட்டியை இடக்கைக்கு மாற்றிக்கொண்டாள். வலது உள்ளங்கையைக் கதவு நிலையில் வைத்தாள். எடுத்தாள். உள்ளே வந்தாள்.

யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

நாரணாபுரத்துப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தவள் அம்மா. அங்கே வெடிமருந்து அறையின் வாசலில் ஒரு செம்புத் தகடு பதித்திருப்பார்கள். உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரம் இறங்க, அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். மற்றவர்கள் போகிற போக்கில் விரல் நுனியால் தட்டிவிட்டுப் போவார்கள். அம்மா கையை முழுதாக வைத்து நிற்பாள். ‘சொர்ணம் தகட்டுக்கிட்ட கைரேகை ஜோசியம் கேக்குறா’ என்று அதே அறையில் வேலை செய்த மூன்று பேரும் கேலி பேசுவார்களாம்.

ஆறு வருடங்களுக்கு முன் ஒரு காலையில் அந்த அறை வெடித்தபோது மூன்று பேரும் உள்ளே போய்விட்டிருந்தார்கள். அம்மா மட்டும் இன்னும் தகட்டில் கை வைத்தபடி நின்றுகொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அம்மா வேலைக்குப் போகவில்லை. ஆனால் எந்த வாசலாக இருந்தாலும் நிற்கிறாள். கோயிலாக இருந்தாலும், ரேஷன் கடையாக இருந்தாலும்.

“வெஞ்சனம் மேல்தட்டுல இருக்கு. சாச்சுராத,” என்று தூக்குச்சட்டியை மேசைமேல் வைத்தாள். திரையின் வெளிச்சத்தில் அந்த உள்ளங்கை ஒரு கணம் விரிந்தது. அன்று வெந்து ஆறிய தோல், ரேகை ஏதுமின்றி, வழவழவென்று.

அம்மா படியிறங்கிப் போனாள்.

“என்னம்மா, தூக்கிரலாம்ல?” என்றான் மணிகண்டராஜ்.

“இல்லண்ணே,” என்றாள் சுகிர்தா. “அவ நின்னுட்டுத்தான் போவா.”