குறையாத கலயம்

பனையில் கட்டியிருந்த கள்ளுக்கலயத்தை ஒரு மரநாய் தினமும் பாதி காலி பண்ணிவிடும். தடுமாறி இறங்கும்போதெல்லாம், "வெட்கங்கெட்ட ஜென்மம்!" என்று காகம் கத்தும். மரநாய் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போகும். மறுநாளும் வந்துவிடும்.

பக்கத்துப் பனையில் குடியிருந்த அணில் ஒருநாள் கேட்டது. "அது அவ்வளவு ருசியா அண்ணே?"

"புளிக்குது. எனக்குப் பிடிக்கவே பிடிக்காது."

"பின்னே எதுக்குக் குடிக்கிறீங்க?"

மரநாய் வாலைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தது.

"என் குட்டிங்க இருந்த புளியமரத்தை ஒரு சாயங்காலம் அறுத்துத் தள்ளிட்டாங்க. பொழுது சாய்ஞ்சா அந்த ரம்பச் சத்தம் காதுல கேக்குது. குடிச்சா கேக்கல."

அணில் இன்னும் கிட்டே வந்தது. "நாளைக்குச் சத்தம் கேட்டதும் இங்க வாங்க. நான் ஓயாம கத்துறேன். எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்" என்றது.

மரநாய் வந்தது. இருட்டும் வரை அணில் கீச்சுக்கீச்சென்று கத்தியது. சில நாள் மரநாய் கலயத்துக்கே போய்விடும். அடுத்த நாள் வரும்போது அணில் அதைப் பற்றி எதுவும் கேட்காது. கத்த ஆரம்பித்துவிடும்.

ஒரு காலையில் கள் இறக்க வந்த பனையேறி கலயத்தை எட்டிப் பார்த்தார். விளிம்பு வரை கள் நின்றது.

"பாவம், அந்த மரநாய் செத்துப்போச்சு போல" என்றார்.

பக்கத்துப் பனையிலிருந்து பதில் சொல்ல அணில் வாயைத் திறந்தது. மரநாய் அதைத் தடுத்து, எங்கேயோ தேடிக் கொண்டுவந்திருந்த நாவற்பழத்தை அதன் முன்னால் உருட்டிவிட்டது.

"இதைத் தின்னு. தொண்டையை வீணாக்காதே தம்பி. சாயங்காலம் எனக்கு வேணும்."