சீனி ஜீன்

நூருன்னிஸா றாபியாவின் ரத்த ரிப்போர்ட்டை இரண்டு விரலால் தூக்கி, நாறிய மீனைப் போடுவதுபோல் மேசையில் போட்டார்.

“பாருங்க மிஸ், சீனி ஜீனாம்! நல்ல வேளை, நிக்காஹ்வுக்கு முந்தித் தெரிஞ்சிச்சு. இந்த ரத்தத்தையா எங்க வூட்டுக்குக் கூட்டிட்டுப் போறது?”

மாத்தளை கிளினிக்கில் பதிவு எழுதும் றாபியா பேனாவைக் கீழே வைத்தாள். மகனுக்கு அவளைப் பேசி முடித்த நாள் முதல், பார்க்கும்போதெல்லாம் கன்னத்தைத் தடவிய மாமிதான் இவர்.

லேப் மிஸ் அருந்ததி கொடுத்த தேநீரில் மாமி கூசாமல் மூன்றாவது கரண்டி சீனி போட்டார். “எனக்கு அறுபத்தஞ்சு வயசு. சீனி வருத்தம் எட்டிப் பார்க்கல. அதுதான் பரம்பரை!”

கொழும்பிலிருந்து வந்த டாக்டர், நீரிழிவு ஆராய்ச்சி என்று ரத்தம் எடுத்து, கேட்ட மற்றவர்களுக்கும் சோதித்து, ரிப்போர்ட்டுகளைக் கிளினிக்கில் குவித்துவிட்டுப் போயிருந்தார். றாபியாவுடையது எப்படியோ மாமி கைக்குப் போய்விட்டது.

அருந்ததி முகம் சுளித்தாள். “றாபியா, சீனி வருத்தக்காரங்கன்னு அவர் யார் ரத்தத்தை எடுத்தாரு?”

“நம்ம கிளினிக்குக்கு வர்றவங்க. முழுக்க டவுன் முஸ்லிம் ஆளுங்க.”

“வருத்தம் இல்லாதவங்கன்னு?”

“இரத்தோட்டை பஸ்ஸை ஆமி செக்பொயின்ட்ல நிப்பாட்டி இறக்குனாங்களே, அந்தத் தேயிலைத் தோட்டத்து ஆளுங்க. வரிசையில நிக்கிறாங்க, வேலை லேசுன்னாரு.”

“வெக்கங்கெட்ட வேலை! ரெண்டு சனத்துக்கும் பூர்வீகம் வேற. ரத்தத்துல நாலு வித்தியாசம் இருக்கத்தானே செய்யும்? இந்த ஜீன் வருத்தத்தைக் காட்டல. யாரு டவுன், யாரு தோட்டம்னுதான் காட்டுது.”

மாமியின் காதில் எதுவும் ஏறவில்லை. “அதெல்லாம் எனக்கு விளங்காது. நானும் மவனும் அன்னைக்கு ரத்தம் குடுத்தோம். எங்க ரிப்போர்ட்டைக் குடுங்க, அதைக் காட்டி வேற எடம் பார்க்கணும்.”

அருந்ததி அலுமாரியிலிருந்து எடுத்து வாசித்தாள். “உங்களுக்கும் அதே ஜீன் இருக்கு. மகனுக்கும் இருக்கு.”

மாமியின் கரண்டி பாதியில் நின்றது. மறுநொடி பல்லெல்லாம் தெரியச் சிரித்து, றாபியாவின் கன்னத்துக்குக் கையை நீட்டினார்.

“அப்ப ஒண்ணுமில்ல புள்ள! வாற வெள்ளிக்கிழமையே நிக்காஹ்வ வெச்சிருவோம்.”

றாபியா முகத்தை விலக்கிக்கொண்டாள்.

“வேணாம் மாமி. சீனி ரத்தம் ஓடுற வூட்டுக்கு நான் வரமாட்டேன்.”