தள்ளிப்போகும் திறப்பு விழா

சங்கீதா குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளினாள். சுவரில் இருந்த அன்னப்பட்சியின் மேல் யாரோ ஒரு வாளிச் சுண்ணாம்பை ஊற்றிவிட்டுப் போயிருந்தார்கள். அன்னத்துக்குத் தலையும் இல்லை, கழுத்தும் இல்லை.

அது காவேரியின் அன்னம். அவளுக்காகத்தான் சங்கீதாவுக்கு அத்தனை கோபம். மண்ணைத் தூற்றிச் சாபம் விடப் போன கையைக் காவேரியே எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

“வாணாம்மா. செஞ்சவங்களுக்கு இன்னா கஷ்டமோ. சாபம் கீபம்லாம் வுடாத.”

இப்படியும் ஒரு இளகின மனசா என்று சொல்லிக்கொண்டே சங்கீதா மண்ணைக் கீழே போட்டாள்.

மூன்று மாதத்துக்கு முன்னால் நெசவாளர் தெருவின் அந்த முச்சந்தி வெறும் குப்பைமேடு. மூக்கைப் பொத்தாமல் தாண்ட முடியாது. டிராயிங் டீச்சரான சங்கீதாதான் வீடு வீடாக ஏறி இறங்கி, நாமே கை வைப்போம் என்று தெருவைக் கிளப்பிவிட்டாள். உடைந்த தறிக்கட்டைகள் பெஞ்சாகின. பழைய டயர்களில் செடி வைத்தார்கள். சுவரை வீட்டுக்கு ஒரு கட்டமாகப் பிரித்து, அவரவர் வீட்டுச் சேலையில் ஓடும் புட்டா உருவத்தை அவரவர் கையாலேயே வரைந்தார்கள்.

ஞாயிறு காலை ஏழு மணிக்குத் தனசேகரன் விசில் ஊதுவார். ரிட்டயரான பஸ் கண்டக்டர். வேலையை விட்டாலும் விசிலை விடவில்லை. அந்தச் சத்தம் கேட்டால் தெருவே பிரஷ்ஷும் கையுமாக வந்து நிற்கும்.

வேலை எப்போதோ முடிந்திருக்க வேண்டியது. திறப்பு விழாவுக்கு நாள் குறிக்கும்போதெல்லாம் ஏதாவது ஒன்று கெட்டது. முதல் தடவை செடிகளைப் பிடுங்கிப் போட்டிருந்தார்கள். அடுத்த தடவை பெஞ்சின் பெயிண்டைச் சுரண்டியிருந்தார்கள். இன்றைக்கு ரிப்பன் வெட்டி, ஆளுக்கொரு லட்டோடு அரைமணியில் கலைவதாகப் பேச்சு. அதற்குள் இது.

தனசேகரன் தாம்தூம் என்று குதித்தார். எவனாயிருந்தாலும் போலீஸில் பிடித்துக் கொடுக்காமல் விடுவதில்லை என்றார். அப்புறம் விசிலை ஊதி, திறப்பை ஒரு வாரம் தள்ளிவைத்தார். முணுமுணுத்தபடியே எல்லாரும் சுவரைச் சுரண்ட உட்கார்ந்தார்கள்.

பதினோரு மணிக்குக் காவேரி ஒரு குண்டான் கொண்டைக்கடலைச் சுண்டல் கொண்டுவந்து வைத்தாள். இருபது பேர் தின்றும் மிஞ்சியது. ராத்திரியே ஊறப்போட்டால்தான் கடலை இப்படி மெத்தென்று வேகும் என்று யாரோ மெச்சினார்கள். காவேரிக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அவளுக்கு ஞாயிறு என்றால் உயிர். பக்கத்து வீட்டுத் தறிக்குப் பட்டு நூல் இழைத்துக் கொடுத்துக் காலம் தள்ளுகிறாள். புருஷன் போய் நாலு வருஷம் ஆகிறது, மகன் ஓசூரில் கம்பெனி வேலை. வாரத்தில் ஆறு நாள் அந்த வீட்டில் ராட்டையும் டிவியும்தான் சத்தம் போடும். ஞாயிற்றுக்கிழமை மகன் போனில் கூப்பிட்டால், “அப்பறம் பேசு கண்ணு, ஆளுங்க இருக்காங்க” என்று சொல்லி வைப்பாள். அதைச் சொல்வதில் அவளுக்கு அப்படி ஒரு பெருமை.

சாயங்காலம் கதவைச் சாத்தினால் பெருமையெல்லாம் வெளியிலேயே நின்றுவிடும். சில நாள் காரணமே இல்லாமல் அழுகை வரும். அழுது முடித்துவிட்டு அடுத்த ஞாயிறுக்கு எத்தனை நாள் என்று விரலை மடக்குவாள்.

இந்தத் தடவை காவல் போட்டார்கள். சனிக்கிழமை ராத்திரி இளவட்டங்களின் பொறுப்பு. அன்று பகல் இரண்டு மணி வரை தனசேகரன், அதற்கு மேல் பொழுது சாயும்வரை காவேரி. பட்டப்பகலில் யார் வரப்போகிறார்கள் என்று சிலர் சிரிக்கத்தான் செய்தார்கள்.

சனிக்கிழமை, சாப்பிட்டுவிட்டு ஊரே கண்ணயரும் நேரம். தறிச் சத்தம்கூட நின்றிருந்தது. வீட்டில் இருப்புக்கொள்ளாமல் காவேரி மூடி போட்ட ஒரு தூக்குவாளியோடு கால் மணி நேரம் முன்னதாகவே முச்சந்திக்குப் போனாள்.

சுவரடியில் தனசேகரன் முதுகைக் காட்டிக்கொண்டு குந்தியிருந்தார். கையில் கொத்துக்கரண்டி. தன் வீட்டு மயிலின் தோகையைச் சரக் சரக்கென்று சுரண்டிக்கொண்டிருந்தார்.

“அண்ணா.”

கரண்டி நழுவிக் கீழே விழுந்தது. மனிதர் விருட்டென்று திரும்பினார். யாரிடமும் சொல்லிவிடாதே என்று அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

பிறகு தானாகவே சொல்ல ஆரம்பித்தார். ஒரு நாளைக்கு ஆயிரம் பேர் முகத்தைப் பார்த்துப் பிழைத்தவராம். மகள் பெங்களூரோடு போனபிறகு, ஞாயிறு தவிர மற்ற நாளில் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லையாம். ரிப்பனை வெட்டிவிட்டால் அப்புறம் விசிலுக்கு யார் வருவார்கள் என்று கேட்டுவிட்டு விசிலைத் தடவிக்கொண்டார்.

காவேரி கீழே கிடந்த கரண்டியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் நம்பவில்லை என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது.

“செடியும் பெஞ்சும் நான்தாம்மா, ஒத்துக்கறேன். ஆனா அந்தச் சுண்ணாம்பு மட்டும் ஏகாம்பரநாதர் சத்தியமா நான் இல்லம்மா.”

காவேரி தெருவின் இரண்டு பக்கமும் ஒரு பார்வை பார்த்தாள். தூக்குவாளியின் மூடியைத் திறந்தாள்.

“தெரியும்ணா, அது நான்தான். கொஞ்சம் நவுருங்க.”