காத்திருந்த சேதி

ஆஸ்பத்திரி வராண்டாவில் கனகா நிலைகொள்ளாமல் நடந்துகொண்டிருந்தாள். சித்தையன்கோட்டையிலிருந்து மாமியார் போனில் கேட்டார்.

"வந்துருச்சா கனகா?"

"இன்னும் இல்லை அத்தை. வார்டுக்குள்ள நடக்கச் சொல்லிருக்காக."

பெஞ்சில் இருந்த பெண் பரிவோடு சொன்னாள்: "எம் மக பிரசவத்துக்கு நானும் இப்படித்தான் தவிச்சேன். செத்த நேரம் உக்காரு தாயி. நல்லபடியா வந்துரும்."

வார்டுக் கதவு திறந்தது. "வந்துருச்சும்மா" என்று நர்ஸ் சிரித்தார்.

கனகாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "அத்தை, வந்துருச்சு" என்று போனில் கத்தினாள்.

பெஞ்சுக்காரப் பெண்ணுக்கும் ஆவல் தாங்கவில்லை. "ஆம்பளப் புள்ளையா, பொம்பளப் புள்ளையா?"

"புள்ளை இல்லக்கா. எங்க வீட்டுக்காரருக்கு வயித்துல துளை போட்டுக் குடல்வாலை எடுத்தாக. காத்து பிரிஞ்சாத்தான் சாப்பாடுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இப்பப் பிரிஞ்சிருச்சு."

கஞ்சித் தூக்கை எடுத்துக்கொண்டு கனகா உள்ளே ஓடினாள்.