சாப்பிட்டியா?

நாத்தனார் மகளின் நிச்சயதார்த்தப் பந்தியில் உட்கார்ந்த ஜோசஃபின், இலையில் கை வைக்காமல் மகனுக்குப் போன் போட்டாள். அவன் பெட்டாலிங் ஜெயாவில் அறை எடுத்துப் படிக்கிறான்.

"ஐவன், சாப்பிட்டியாய்யா?"

தினமும் "சாப்பிட்டேம்மா" என்பவன் இன்று, "இல்லம்மா" என்றான்.

"நேத்து?"

"நேத்தும் இல்ல."

ஜோசஃபின் பாதிப் பந்தியில் எழுந்துவிட்டாள். "அம்மா வரேன். போனை வைக்காத. கதவைத் திறந்து வை."

"என்ன அண்ணி இது?" நாத்தனார் ஜானிஸ் வழிமறித்தாள். "யூனிவர்சிட்டி போற பையன் லா! கீழ இறங்கினா மாமாக் சாப்பாட்டுக் கடை. ஒரு ரொட்டி சானாய் வாங்கிச் சாப்பிடத் தெரியாதா? செல்லம் கொடுத்தே கெடுத்து வெச்சிருக்கீங்க!"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஜோசஃபினும் சிரித்துவைத்தாள். ஜானிஸ் முணுமுணுத்துக்கொண்டே கட்டிக்கொடுத்த பிரியாணிப் பொட்டலத்தோடு ஜோசஃபின் கிராப் வாடகைக் காரில் ஏறினாள்.

கார் கிள்ளானைத் தாண்டியதும் கையால் வாயை மறைத்துக்கொண்டு போனில் கேட்டாள். "எத்தனை நாளா சாப்பிடல?"

"ஒரு வாரமா. சாப்பிட்டா தூக்கமா வருதும்மா, எக்ஸாமுக்குப் படிக்க முடியல."

"இப்ப எப்படி இருக்கு?"

"பழையபடி ஆயிடுச்சும்மா. தனியா இருக்கப் பயமா இருக்கு."

அதற்குமேல் ஜோசஃபினால் குரலை அடக்க முடியவில்லை. "டாக்டரைக் கேக்காம மாத்திரைய ஏன்யா நிறுத்தின?"

டிரைவர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். யார் காதிலும் விழக்கூடாதென்று இரண்டு வருடமாக அம்மாவும் மகனும் விழுங்கி வைத்திருந்த வார்த்தை அது.

விழுந்தால் விழட்டும்.

"அண்ணே, சீக்கிரம் போங்க" என்றாள், உரக்க.