சூடாகாத அறை

பிரிட்டோ கோயம்புத்தூருக்குக் கிளம்பி முப்பத்தொரு மணி நேரம் ஆகியிருந்தது. குன்னூர் வீட்டில் அவன் வேலை பார்க்கும் அறை மட்டும் பனிக்கட்டியாகக் கிடந்தது.

வெளியே போகிறவர்கள் எப்போது திரும்புவோம் என்று, பேச்சைக் கேட்டு அறையைச் சூடாக்கும் ஏசியிடம் சொல்லிவிட்டுப் போவதுதான் எல்லா வீட்டிலும் வழக்கம். திரும்புகிறவருடைய அறையை அது முழுக்க ஆறவிடாது, இளஞ்சூட்டிலேயே வைத்திருக்கும். ஆறிப்போன சுவரை மறுபடி சூடேற்றத்தான் கரண்ட் அதிகம் பிடிக்கும். கரண்ட் வீணாகும் விஷயத்தில் பிரிட்டோ மகா கறார்.

அவன் மனைவி மெர்லின் ஃபில்டரைக் கழற்றி, விரல்கள் மரத்துப்போகக் கழுவி மாட்டினாள். ஜன்னல் இடுக்கில் துணி திணித்தாள். அறை சூடாகவில்லை. அவனுக்குக் குளிர் ஆகாது. போனில் அழைத்தாள்.

"ஏங்க, உங்க ரூம் ஏசி மக்கர் பண்ணுது. சாயங்காலம் நீங்க வந்தா வெறைச்சுப் போயிடுவீங்க. மெக்கானிக்க வரச் சொல்லட்டா?"

"வேணாம் மெர்லின். அது சரியாத்தான் இருக்கு."

"ஆமா, அங்க உக்காந்துகிட்டே ரிப்பேர் பாக்குறீங்களாக்கும்!"

அவன் சிரிக்கவில்லை. "கெளம்புறப்போ அதுகிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன்."

"எங்கிட்டயும்தான் சொன்னீங்க, போயிட்டு வர்றேன்னு. அதுகிட்ட என்ன சொன்னீங்க?"



"வீணா கரண்ட் ஓடக் கூடாதேன்னு... இனிமே வரமாட்டேன்னு சொன்னேன்."